புரட்டாசி பன்னிரண்டில் வராத குருவிகள்

1

புரட்டாசி பன்னிரண்டாம் தேதி காலை. ஆலைக்குக் கிளம்பி, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவின் எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது. "உங்க ஊர்க்காரங்க வந்துட்டாங்க."

இதைப் படிக்கிற உங்களுக்கு முதலில் விளக்கிவிடுகிறேன். ஊர்க்காரங்க என்று அப்பா சொல்வது மனிதர்களை இல்லை, சோளக்குருவிகளை. நான் இருப்பது கசகஸ்தானின் தெற்கே, கல் மலைகளுக்கு நடுவில் ஒரு சிறிய ஊர். இங்கே ஒரு கிரானைட் ஆலையில் வேலை. மே மாதம் இந்தக் குருவிகள் எங்கள் ஆலைக்கு வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கோடை முடிவதற்குள் மொத்தமாகக் கிளம்பிவிடும். மதுரைக்குப் பக்கத்தில், எங்கள் திருவாதவூர்க் கண்மாயில், புரட்டாசி வாக்கில் அதே இனக் குருவிகள் வந்து இறங்கும். அதனால் அவை என் ஊர்க்காரர்கள் என்பது அப்பாவின் தீர்மானம். நான் இங்கே வந்ததும் ஒரு புரட்டாசியில்தான். எட்டு வருடம் முடிந்துவிட்டது. வருடம் தவறாமல் அந்தச் செய்தி வந்திருக்கிறது.

ஆனால் அப்பா ஒருநாளும் எழுதி அனுப்பியவர் இல்லை. குரல் பதிவுதான் அனுப்புவார். தொண்டையைச் செருமி ஆரம்பித்து, விஷயத்தைச் சொல்லி, அது போன் பேச்சு இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்காமல், "சரி, வைக்கிறேன்" என்று முடிப்பார். இந்தத் தடவை எழுத்தில் வந்திருந்தது. கடைசியில் முற்றுப்புள்ளி வேறு.

அறுபத்தெட்டு வயதில் தட்டச்சுப் பழகிவிட்டாரே என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. மனைவி மீனாவிடம் காட்டினேன். அவள் வண்டியூர்க்காரி, எதற்கும் சட்டென்று மயங்க மாட்டாள். "மாமாவா? மாமா எப்ப புள்ளி வைக்கக் கத்துக்கிட்டாரு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அந்தப் புள்ளியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஆலைக்குக் கிளம்பினேன்.

2

ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து வரும் பெரிய கல் பாளங்களைப் பலகையாக அறுப்பது எங்கள் வேலை. தேறாத துண்டுகளை வேலிக்குப் பின்னால் கொட்டுவோம். அது ஒரு மேடாகக் குவிந்து கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை அதை அள்ளி, அரைத்து, சாலைக்கு ஜல்லியாக அனுப்ப வேண்டும். ஆனால் மே மாதம் வந்துவிட்டால் அந்த மேட்டில் கை வைக்க முடியாது. கல் இடுக்கெல்லாம் குருவிக் கூடு. கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை, நடுவில் உடம்பு மட்டும் ரோஸ் நிறம். ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்துகொண்டு போடுகிற சத்தம், ஒரு தெருவில் எல்லா வீட்டு மிக்சியும் ஒரே நேரத்தில் ஓடுவது மாதிரி இருக்கும்.

எங்கள் மேஸ்திரி யெர்லான் கசாக்கியர். முதல் வருடம் நான் விவரம் தெரியாமல் மேட்டுக்கு லாரியை அனுப்பப் பார்த்தேன். கையை விரித்துக் குறுக்கே வந்து நின்றார்.

"வெட்டுக்கிளி வந்தா கோதுமையை யாரு காப்பாத்துறது? உன் லாரியா? இதுங்கதான் தின்னு தீர்க்கும். கடைசிக் குஞ்சு பறக்குற வரைக்கும் கல்லை அசைக்கக் கூடாது."

அன்றிலிருந்து அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தினமும் சாயங்காலம் மேட்டைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் காலியாகியிருக்கிறது என்று பார்த்து, காலியான கல்லில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போடுவேன். எல்லா இடத்திலும் கோடு விழுந்த நாளைப் பதிவேட்டில் எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்குவேன். அதற்குப் பிறகுதான் அரைக்கும் இயந்திரம் ஓடும்.

இந்த வருடம் மே மாதம் பாதி போன பிறகு பனி கொட்டியது. வந்த குருவிகள் முட்டையிடாமல் மின்கம்பியில் உட்கார்ந்து விறைத்தன. எல்லாமே பிந்தியது. போன வருடத்தைவிடப் பதினாறு நாள் கழித்துத்தான் நான் கடைசிக் கோடு போட்டேன். மேலாளர் பதிவேட்டை முகத்துக்கு நேரே நீட்டிக் கத்தியதுகூட ஞாபகம் இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில்தான் எனக்கு அது உறைத்தது. போனை எடுத்து, போன வருடம் அப்பா அனுப்பிய குரல் பதிவைத் தேடினேன். அதுவும் புரட்டாசி பன்னிரண்டு. பதினாறு நாள் பிந்திக் கிளம்பியவர்கள் எப்படி அதே நாளில் போய்ச் சேர்ந்தார்கள்?

நான் பறவை ஆராய்ச்சி செய்தவன் இல்லை. இந்த மேட்டிலிருந்து போகிற குருவிதான் எங்கள் கண்மாயில் இறங்குகிறது என்பதற்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. ஆனால் எட்டு வருடமாக இரண்டு பக்கத்துத் தேதியும் கையில் இருக்கிறது. இங்கே பிந்தினால் அங்கேயும் பிந்தும். நாலைந்து நாள் முன்பின் ஆகும், அவ்வளவுதான். இரண்டு வருடம் ஒரே தேதியில் வந்ததே கிடையாது. கையில் இருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

3

அப்பாவுக்குக் குருவிமேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு அது எதிராளி.

எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்து யாருக்கும் நிலம் இருந்ததில்லை. அப்பா நாற்பது வருடம் அடுத்தவர் வயலில் நட்டார், அறுத்தார். மேலூர்ப் பக்கம் குவாரிகள் ஓடிய காலத்தில் நான் கல் அறுக்கிற வேலை பழகினேன். குவாரிகள் நின்றதும் ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். இங்கே வந்த மூன்றாம் வருடம், கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் அப்பா பெயரில் பத்திரமானது. பிளாட் போட்டு விற்கச் சொல்லி ஆட்கள் நடையாய் நடந்தார்கள். அப்பா சோளம் விதைத்தார்.

அந்த வருடம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் குருவிகள் கூட்டமாக வந்து விழுந்தன. இங்கே அவை கூடு கட்டுவதை நான் முதல் வருடமே சொல்லியிருந்தேன். வழக்கமாக வரும் அப்பாவின் பதிவு அந்தத் தடவை நீளமாக வந்தது. "ஏப்பா, உங்க ஊர்க்காரங்க வந்துட்டாங்க. அம்புட்டுப் பேரும் நம்ம காட்டுலதான் எறங்கிருக்காங்க. தகரத்தத் தட்டித் தட்டிக் கையே விட்டுப்போச்சு. சரி, வைக்கிறேன்."

நான் பதறிப்போய்க் கூப்பிட்டு, வலை வாங்கிப் போடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "விடுப்பா. திருட வந்துருக்கான்னா நம்மகிட்டயும் சொத்து இருக்குன்னுதான அர்த்தம். நம்ம வம்சத்துல எவன் காட்டுல குருவி திருடிருக்கு?"

குருவி வந்த அன்று நாள்காட்டித் தாளைக் கிழித்துக் குப்பையில் போடாமல், சுவரில் ஒரு ஆணியில் குத்தி வைப்பார். வருடத்துக்கு ஒரு தாள். போன தடவை ஊருக்குப் போனபோது என் மகள் யாழினி அதை எண்ணிப் பார்த்தாள்.

4

அன்று சாயங்காலமே அப்பாவைக் கூப்பிட்டேன். தங்கை செல்விதான் எடுத்தாள். பக்கத்துத் தெருவில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்பாவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"அப்பா எங்க?"

"கம்மாப் பக்கம் போயிருக்காருண்ணே."

மறுநாள் கூப்பிட்டால் தூங்குகிறார் என்றாள். அதற்கு மறுநாள், பல் பிடுங்கியிருக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை என்றாள். அவள் குரலில் ஒரு வேகம் இருந்தது. கேள்வி வருவதற்குள் பதிலை முடித்துவிடப் பார்க்கிற வேகம்.

உட்கார்ந்து யோசித்தேன். கடைசியாக அப்பாவிடம் எப்போது பேசினேன்? ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவது வழக்கம். ஒரு ஞாயிறு போனில் சார்ஜ் நிற்கவில்லை என்றார்கள். அடுத்த ஞாயிறு எனக்கு ஆலையில் வேலை. அதற்கடுத்த ஞாயிறு யாரோ தூங்கினார்கள், யார் என்று ஞாபகம்கூட இல்லை. மூன்று ஞாயிறு அப்பா குரலைக் கேட்காமல் போயிருக்கிறது, எனக்கு உறைக்கவே இல்லை. குருவிக் கணக்கு தவறியது கண்ணில் பட்டது, அப்பா கணக்கு தவறியது படவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இங்கிருந்து ஊருக்கு நேரம் அரை மணிதான் வித்தியாசம். அமெரிக்காவில் இருக்கிறவர்கள் பகலையும் இரவையும் மாற்றிப் போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

நாலாம் நாள் காணொளியில் கூப்பிட்டு, செல்வி எடுத்ததும் நேராகக் கேட்டேன். "குருவி எந்தப் பக்கம் எறங்குச்சு?"

"அது... கம்மாக்குள்ளதாண்ணே. எப்பயும் போல."

"எம்புட்டு இருந்துச்சு?"

அவள் போனைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"செல்வி, இங்க அதுக கெளம்புனதே பதினாறு நாளு லேட்டு. பன்னெண்டாந் தேதி வர முடியாது. அந்தச் செய்திய யாரு போட்டா?"

அவள் முகம் திரையில் கோணியது. பிறகு அழ ஆரம்பித்தாள்.

"அப்பாவுக்கு வாய் இழுத்துக்கிருச்சுண்ணே. வலது கையும் காலும் வரல. மூணு வாரமாச்சு."

5

ஆவணிக் கடைசியில், சோளக்காட்டில் குருவி விரட்டத் தகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறார். பக்கத்து வயல்காரர் பார்த்துத் தூக்கியிருக்கிறார். மதுரைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்களாம். "ஸ்கேன் எடுக்க சிம்மக்கல்லுக்குப் போகச் சொன்னாங்க. ஆத்துப் பாலத்துல வண்டி அசையலண்ணே. அப்பா தலை என் மடியில. நான் எறங்கி வழி விடுங்க வழி விடுங்கன்னு கத்துறேன், எங்கிட்டு விடுவாங்க?" ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில். எல்லாம் புரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். நான் செத்தால்கூட எனக்குச் சொல்லாமல் எடுத்துவிடுவீர்களா என்கிற அளவுக்கு அர்த்தமில்லாமல் கத்தினேன். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில் சொன்னாள்.

"கார்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன், பாஸ்போட்டு அவுங்ககிட்ட இருக்கு, மூணு மாசத்துக்கு நகர முடியாது, நகந்தா எல்லாம் மொதல்லருந்துன்னு நீதான அப்பாட்ட சொன்ன? அண்ணன்ட்ட சொல்லவான்னு நான் கேட்டேன். அப்பா தலைய இப்பிடி இப்பிடி ஆட்டுனாரு. எடது கையால என் வாயப் பொத்துனாரு. நான் என்ன செய்ய?"

"அந்தச் செய்தி?"

"புரட்டாசி பொறந்துருச்சு, குருவிச் சேதி வரலைனா நீ சந்தேகப்படுவேன்னு... ஆணியில போன வருசத் தாளு மேலயே இருந்துச்சு. அந்தத் தேதிக்குப் போட்டேன்."

குருவிகள் பண்டிகை மாதிரி, தேதி பார்த்து வருகிறவை என்று நினைத்திருக்கிறாள். அவள்மேல் வந்த கோபம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. பிறகு போனை அப்பா பக்கம் திருப்பினாள். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

6

அந்தக் கார்டைப் பற்றி. எட்டு வருடமும் வேலை விசாவில் ஓட்டினேன். வருடாவருடம் நீட்டிப்பு, வருடாவருடம் பயம். நிரந்தரக் குடியிருப்பு அட்டை கிடைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்றுதான் விண்ணப்பித்தேன். இந்த ஊர்க் குடியேற்ற அலுவலகத்தில் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே இருக்கிற அம்மாளுக்கு என்மேல் கோபம் உண்டு. நான் ரஷ்ய மொழி பழகியது கல் அறுக்கிறவர்களிடம். அவர்கள் எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். முதல் நாளே அந்த அம்மாளிடம் போய், "நீ என் காகிதத்தைப் பாரு" என்று சொல்லியிருக்கிறேன். யாழினி தலையில் அடித்துக்கொண்டாள். என் கோப்பு அன்றிலிருந்து அடியில்தான் கிடக்கிறது.

விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தால் பாஸ்போர்ட் வரும். ஆனால் பழைய விசா முடிந்துவிட்டதால், வெளியே போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. ஆலை எனக்காகக் காத்திருக்குமா என்று யெர்லானிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு லாரிப் பக்கம் போனார். மீனா, யாழினி இருவரின் அனுமதியும் என் பெயரில்தான் தொங்குகிறது. டிசம்பரோடு அதுவும் முடிகிறது.

மீனா இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டாள். "யாழினி படிப்பு பாதியில நிக்கவா? எட்டு வருசம் பனியில கெடந்தது எதுக்கு? மாமாவே வேணாம்னு சொல்றாருல்ல?" அவள் கேட்டதில் எதுவும் தப்பில்லை. ஆனாலும் நானும் கத்தினேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பாவா இருந்தா நான் உங்களக் கேட்டுக்கிட்டா இருப்பேன்? போயிட்டு வாங்க. பெறகு பாத்துக்குவோம்" என்றாள்.

யாழினிக்குப் பதினாலு வயது. வீடு என்றால் அவளுக்கு இந்த இரண்டு அறைதான். மதுரை லீவுக்குப் போகிற இடம். கனவுகூட ரஷ்ய மொழியில்தான் வருகிறது என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னாள். தாத்தா கூப்பிட்டால், "நல்லா இருக்கேன் தாத்தா, சாப்ட்டேன் தாத்தா" என்று இரண்டு வரி சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். இவள் கையைவிட்டுப் போகிறாளே என்று எனக்கு உள்ளூரப் பயம் உண்டு. அலுவலகத்துக்கு அவளைத்தான் துணைக்குக் கூட்டிப்போனேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் அவளிடமே பேசினார். நன்றாக யோசித்தீர்களா, மறுபடி எல்லாம் முதலிலிருந்து என்று கேட்டார். பிறகு ஒரு படிவத்தைத் தள்ளினார். காரணம் எழுதுகிற கட்டம் இரண்டு விரல் அகலம்தான்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு எழுது" என்றேன்.

யாழினி எழுத ஆரம்பித்தாள். கட்டம் நிரம்பியது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள்.

"என்னம்மா இம்புட்டு எழுதுற?"

அவள் தமிழில் மெதுவாகப் படித்துக் காட்டினாள். "என் தாத்தா ஒவ்வொரு வருசமும் குருவி வந்ததை எங்களுக்குச் சொல்வார். நாங்க அது போன நாளை அவருக்குச் சொல்வோம். இந்த வருசம் அவரால பேச முடியல. எங்கப்பா பக்கத்துல போனாத்தான் அவர் சொல்றது கேக்கும்."

அந்தக் குரல் பதிவுகளை அவள் காதில் வாங்கியதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் பின்பக்கத்தையும் முழுதாகப் படித்தார். முத்திரை குத்தினார். "வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்றார். என்னைப் பார்த்து, நீங்கள் என்று மரியாதை போட்டு அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

7

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், புரட்டாசி இருபத்தாறு. போன் சத்தம் கேட்டாலே, நல்ல செய்திக்கு யாரும் அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை என்று எல்லா நேரத்தையும் பற்றியும் தோன்றுகிறது. பாஸ்போர்ட் வருமா, டிக்கெட் கிடைக்குமா, அதற்குள் அங்கே இன்னொரு தடவை ஏதாவது ஆகிவிடுமா என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு, மூன்று பேரும் காலைத் தேநீருக்கு உட்கார்ந்திருந்தோம்.

அப்பா எண்ணிலிருந்து குரல் பதிவு வந்தது. நாற்பத்தோரு நொடி.

விரல் அதன்மேல் போய் நின்றுவிட்டது, அழுத்த முடியவில்லை. யாழினிதான் கையை நீட்டி அழுத்தினாள்.

முதலில் ஒன்றுமில்லை. கட்டில் நகர்கிற சத்தம். பிறகு தூரத்தில் இரைச்சல், பக்கத்தில் வர வரப் பெரிதாகி, ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாமல் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற அந்தக் கச்சாமுச்சாச் சத்தம். யாழினி நிமிர்ந்தாள். "அப்பா, இது நம்ம கல்லுமேட்டுச் சத்தம்!" என்றாள். கடைசியில் இரைச்சலுக்கு நடுவே யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அத்தோடு முடிந்துவிட்டது.

பின்னாலேயே செல்வியிடமிருந்து செய்தி. "அண்ணே, நான் போடல. சத்தம் கேட்டதும் கட்டில வாசல்ல இழுத்துப் போடச் சொல்லிக் கையக் காட்டுனாரு. போன அவரே எடது கையால அமுக்குனாரு. தாளும் கிழிச்சு ஆணியில குத்தியாச்சு."

போன வருடத்துக்குப் பதினாலு நாள் பிந்தி. கணக்கு சரியாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டேன், மூன்றாம் தடவையும் கேட்டேன். அவர் எனக்குச் செய்தி சொல்லிவிட்டார். வர வேண்டாம் என்று தலையாட்டிய மனுஷன், வா என்று சொல்லத் தெரியாமல் இதைச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. நானாக அப்படி எடுத்துக்கொள்கிறேனோ என்னவோ.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. திரும்பி வருவேனா, வந்தால் இந்த வேலை இருக்குமா, மே மாதம் அந்த மேட்டில் கோடு போடப் போவது நானா வேறு ஆளா, எதுவும் தெரியாது. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அப்பா, சேதி வந்துருச்சுப்பா. ஆனா எங்க ஊர்க்காரங்க எல்லாரும் இன்னும் வந்து சேரல. ஒரு ஆள் பாக்கி இருக்கேன். வாரேன்."

விரலை எடுக்கப் போனவன் எடுக்கவில்லை. அவரால் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்துச் சொன்னேன்.

"சரி, வைக்கிறேன்."